கட்டில் சட்டத்தில் செய்த வில்

என் வீட்டுக்காரர் அட்டையைக்கூடக் கொல்ல மாட்டார். தேயிலை மலையில் இருந்துகொண்டு அட்டையைக் கொல்லாமல் இருக்க ஒருவரால் முடியுமா என்று கேட்பீர்கள். முடியும். காலில் ஏறி ரத்தம் குடித்து ஊதியிருக்கும் அட்டைக்கு நாங்கள் எல்லாரும் சுண்ணாம்பைத் தொட்டு வைப்போம், அது சுருண்டு விழுந்து சாகும். அவர் மட்டும் எச்சிலைத் தொட்டு மெல்லப் பிய்த்து, பிறத்தியார் வீட்டுக் குழந்தையைத் தூக்கி இறக்கி விடுவதுபோலப் பக்கத்துச் செடியில் விட்டுவிட்டு வருவார். அந்தத் தேயிலை நிரையில் கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் அவரை வாழ்த்துகிற வாழ்த்தை இங்கே எழுத முடியாது.

பிறவியிலேயே அவ்வளவு இரக்கம் உள்ளவர் என்று நினைத்துவிட வேண்டாம். நான் முழுகாமல் இருந்தேன், அதுதான் காரணம். மனைவி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருஷன் ஓர் உயிரை எடுக்கக் கூடாது, எடுத்தால் அந்தப் பாவம் வயிற்றில் இருப்பதன் தலையில் விடியும். எங்கள் ஆட்கள் கப்பலேறி வந்தபோது மூட்டையோடு மூட்டையாகக் கொண்டுவந்த வழக்கம் இது. லயம் என்கிற எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில் பாதிப் பேர் இதை வாயால் சொல்வார்கள், கோழி அடிக்கிற அன்றைக்கு மறந்துவிடுவார்கள். அவரால் மறக்க முடியவில்லை. எங்கள் முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது அவர் வேலை செய்கிற கொட்டகையில் ஒரு பாம்பை அடித்தார். பிள்ளை பாதியில் கலைந்துவிட்டது. இரண்டாவது, குளிர்காய்ச்சலில் போயிற்று. அதற்கும் தான் எதையாவது மிதித்திருப்போமோ என்று வருஷக் கணக்கில் யோசித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது தங்கியபோது ஜப்பான்காரன் இந்த மலாய் நாட்டைப் பிடித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அவர் தோட்டத்துப் பெட்டித் தச்சர். தேயிலை கப்பலேறுகிற பலகைப் பெட்டிகளைச் செய்வதும், விளிம்புக்குத் தகரம் அடிப்பதும் அவர் வேலை. துரைமார் ஓடிப்போன பிறகு கப்பல் ஏது, பெட்டி ஏது? பாக்டரியில் எப்போதாவது அடுப்பு எரியும். மலைச்சரிவில் பாதித் தேயிலையைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி நடச் சொன்னார்கள். எங்கள் மலைக் குளிரில் மரவள்ளி விரல் பருமனுக்கு மேல் பருக்காது. சர்க்கரைவள்ளி வரும், அதன் கொடியும் இலையும் வரும். நாங்கள் தின்றது பெரும்பாலும் அந்த இலையைத்தான்.

ரிங்லெட்டில் ஒரு காக்கா கடை, தமிழ் முஸ்லிம் ஒருவரின் மளிகைக் கடை, இருந்தது. முன்பெல்லாம் கருவாட்டு மணம் அடித்த கடை. அந்த நாட்களில் போய்ப் பார்த்தால், கடைக்காரர் வெறும் தராசைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கோழிகளையும் ஆடுகளையும் பட்டாளத்தார் வந்த முதல் வாரமே பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

எனக்கு ஆறாம் மாதத்தில் கால் வீங்கியது. விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நின்றது. நாக்கும் நகமும் வெளுத்துவிட்டன. ஏணிப்படி மாதிரி இருக்கும் எங்கள் மலைப்பாதையில் இரண்டு வளைவு ஏறினால் கண் இருட்டிக்கொண்டு வரும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து அலமாரி காலியாக இருந்தது, வைத்தியம் பார்க்கிற டிரஸ்ஸர் மட்டும் இருந்தார். கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, ரத்தமே இல்லை, கறி சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை தங்காது, நீயும் தங்குவது சந்தேகம்தான் என்றார். கறியை எங்கே வாங்குவது என்று நான் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தன் பெண்சாதிக்கும் இதையேதான் சொல்லிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

காட்டில் கறி இருந்தது. அதுதான் கொடுமை. எங்கள் லயத்துக்கு மேலே கடைசித் தேயிலை நிரை முடிகிற இடத்தில் காடு ஆரம்பித்துவிடும். கீஜாங் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் சின்ன மான் விடிகாலையில் வந்து எங்கள் சர்க்கரைவள்ளிக் கொடியை மேய்ந்துவிட்டு, நாய் மாதிரி இரண்டு குரை குரைத்துவிட்டுப் போகும். எங்கள் சாப்பாட்டையும் தின்றுவிட்டு எங்களையே பார்த்துக் குரைக்கவும் செய்தால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது? துப்பாக்கி வைத்திருந்தால் தலை போகும். கண்ணி வைத்தால், விழுந்ததை நமக்கு முன்னால் வேறு யாராவது எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். என் தம்பி வைத்த கண்ணியில் ஒருமுறை ரத்தமும் முடியும் மட்டும் இருந்தன.

தம்பி எங்களோடுதான் இருந்தான். கல்யாணம் ஆகாதவன், நல்ல உயரம், லயத்து வாசலில் குனிந்துதான் நுழைவான். கம்போங் ராஜா பக்கம் ரோட்டு வேலைக்கு ஜப்பான்காரர்கள் அவனைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். வாரத்தில் ஒரு நாள் வீட்டுக்கு வர விடுவார்கள். வில் என்கிற யோசனை அவனுடையது. துப்பாக்கி சத்தம் போடும், வில்லுக்கு ஏது சத்தம் என்றான். மூங்கிலை வளைத்து ஒன்று செய்தும் பார்த்தான். அவன் விட்ட அம்பு போய் ஒரு வாழைமரத்தில் முட்டி, மரியாதையாகக் கீழே இறங்கிப் படுத்துக்கொண்டது. காட்டு மிருகத்துக்கு அது முதுகு சொறிந்துவிடத்தான் ஆகும் என்று நான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மூங்கிலைக் கையில் வாங்கி வளைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் கட்டில் வந்து சேர்ந்தது. துரை பங்களாவில் ஜப்பான் அதிகாரி ஒருவன் குடியிருந்தான். அவனுக்குத் தரையில் பாய் விரித்துப் படுத்தால்தான் தூக்கம் வருமாம். துரைசாணியம்மாள் கப்பலில் வரவழைத்த பெரிய கட்டில் அறையை அடைத்துக்கொண்டு நிற்கிறது, பிரித்து விறகாக்கு என்று பெட்டித் தச்சரைக் கூப்பிட்டு அனுப்பினான். பங்களாச் சமையற்காரர் அந்த மரத்தின் பெயரைக்கூடத் தெரிந்து வைத்திருந்தார், கறுப்பு வால்நட். அம்மாள் வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் அதைச் சொல்லிக் கட்டிலைத் தடவிக் காட்டுவாளாம். அந்த மரம் இந்தப் பூமியிலேயே முளைக்காது என்று சமையற்காரர் பெருமையாகச் சொன்னார், ஏதோ அவரே நட்டு வளர்த்ததுபோல.

கால்களையும் தலைப்பலகையையும் உடைத்து அடுப்பங்கரையில் அடுக்கிவிட்டு, பக்கவாட்டுச் சட்டங்கள் இரண்டையும் விறகுக் கட்டுக்குள் வைத்து அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஓர் ஆள் உயரத்துக்கு மேல் நீளம், முடிச்சு இல்லாத மரம். வாசலில் போட்டுத் தண்ணீர் தெளித்து, வரி ஓடுகிற பக்கமாக விரலை ஓட்டிக்கொண்டே போனார். ஒரு முனையில் தொடங்கிய வரி மறுமுனை வரைக்கும் விலகாமல் போயிற்று. கல்யாணமான புதிதில்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை என்று சொன்னேன். அதற்கும் சிரிக்கவில்லை. பெட்டிப் பலகை தவிர வேறு மரத்தைத் தொட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது என்று மட்டும் சொன்னார்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது, கேட்டேன். உயிரை எடுக்கக் கூடாது என்கிறவர் உயிரெடுக்கிற சாமானைச் செய்யலாமா? அவர் அதை ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார். கத்தி அடிக்கிற ஆசாரி தலையிலா வெட்டின பாவம் விழுகிறது, செய்கிறது நான், எய்கிறது மச்சான் என்றார். வழக்கத்தையும் காப்பாற்றிக் கறியையும் கொண்டுவரப் பார்க்கிறாரே, மனுஷனுக்குச் சாமர்த்தியம் வந்துவிட்டது என்று நினைத்தேன். எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

காலியாகக் கிடந்த பெட்டிக் கொட்டகையில்தான் வேலை. பகலில் நான் போய் ஒரு கவிழ்த்த பெட்டிமேல் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வேன். மேலே பூசியிருந்த பளபளப்பைச் சுரண்டி எடுத்தபோது உள்ளே மரம் கொதிக்க வைத்த தேயிலைச் சாயத்தண்ணி நிறத்தில் இருந்தது. இழைப்புளி போட்டால் சுருள் சுருளாக வரும், ஒரு மாதிரிக் காரமான மணம் கொட்டகை முழுக்க அடிக்கும். நடுவில் பிடிக்கிற இடத்தைத் தடிப்பாக விட்டு, இரண்டு பக்கமும் முனையை நோக்கி இளைத்துக்கொண்டே போனார். பெட்டித் தச்சருக்கு எதைச் செய்தாலும் மூலை வேண்டும். முதலில் அவர் செய்தது, ஒரு நீளமான பெட்டியின் விளிம்பு மாதிரி நாலு பக்கமும் கூராக இருந்தது. அப்புறம் உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டிச் சுரண்டி மூலைகளை உருட்டினார். மூலையை அழிக்கிறபோதெல்லாம் அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கும்.

நாண், சாக்கு தைக்கிற சணல் நூலை முறுக்கி, மெழுகுவர்த்தித் துண்டைத் தேய்த்துச் செய்தது. அம்புக்குக் குச்சிமூங்கில். முனைக்குப் பெட்டி விளிம்புத் தகரத்தை வெட்டி மடித்துக் கூராக்கினார். கொட்டகைச் சுவரில் ஓர் ஆப்பு அடித்து வில்லை அதில் மாட்டி, நாணைக் கீழே இழுத்து விட்டு, தள்ளி நின்று பார்ப்பார். எந்தப் பக்கம் குறைவாக வளைகிறதோ அந்தப் பக்கத்தைச் சுரண்டுவார். மறுபடி மாட்டுவார், மறுபடி பார்ப்பார். கையை நீட்டி மறுமுனையைப் பிடி என்பார், பிடிப்பேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைந்த அன்று கீழே உட்கார்ந்து, வேலை தொடங்கிய பிறகு முதல் தடவையாக ஒரு சுருட்டுத் துண்டைப் பற்ற வைத்தார்.

அவர் எதைச் செய்தாலும் முதலில் ஓர் அளவுக்கட்டை வெட்டிக்கொள்வார். பெட்டிக்குப் பெட்டி அளவு மாறக் கூடாது என்பது அவர் தொழில். வில்லுக்கும் ஒரு கட்டை வெட்டினார். நாணை எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதற்கு அது அளவு. கையில் வில்லைப் பிடித்து நெஞ்சு வரைக்கும் இழுத்து, அந்த நீளத்துக்குக் கட்டையை வெட்டி, அம்புகளையும் அந்த நீளத்துக்கே நறுக்கினார். இழுத்து இழுத்துப் பார்த்தாரே தவிர ஓர் அம்பைக்கூட விடவில்லை. ஒரு புல்லுக்கட்டின்மேல் விட்டுப் பாருங்களேன் என்றால், உள்ளே எலி ஏதாவது இருந்தால் என்ன செய்வது என்பார்.

தம்பி வருகிற நாள் வந்தது. சோர்ந்து போய்த்தான் வந்தான், ஆனால் வில்லைக் கண்டதும் அவன் முகம் மாறிவிட்டது. "மாமா, இது துரைகிட்ட விக்கிற சாமான் லா" என்றான். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். வில்லை முனியாண்டி கோயிலில் வைத்து எடுத்துக்கொண்டு, மறுநாள் விடிகாலையில் தம்பி மேலே போனான். கொடி மேயும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மரத்தடியில் காத்திருக்க வேண்டும் என்று பேச்சு. நான் அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டேன். மிளகாய்கூட இல்லை, உப்பு கொஞ்சம் இருந்தது. தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொண்டு கறிக்காகக் காத்திருந்த அந்தக் காலை நேரம்போல நான் சந்தோஷமாக இருந்த நேரம் ஜப்பான்காரன் இருந்த அந்த மூன்றரை வருஷத்தில் வேறு இல்லை.

தம்பி முகத்தைப் பொத்திக்கொண்டு வந்தான். விரல் சந்தில் ரத்தம் வழிந்தது. மான் வந்திருக்கிறது, மிகப் பக்கத்தில் வந்திருக்கிறது. அவன் நாணை இழுத்திருக்கிறான். வில்லின் மேல்பாதி உடைந்து தெறித்து, கூரான துண்டு வலது கண்ணில் அடித்துவிட்டது. சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். நாங்கள் சாணும் ஏறவில்லை.

அவர் உடைந்த துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தார். மரத்தில் குற்றம் இல்லை, வரி எங்கும் அறவில்லை. அப்புறம் தம்பி எடுத்துப்போன அம்பைப் பார்த்தார். அது அவர் செய்த அம்பு இல்லை. அவர் கொடுத்தது குட்டையாக இருக்கிறது, இழுத்தால் முனை விரலுக்கு உள்ளே வந்துவிடுகிறது என்று முந்தின நாள் சாயங்காலமே தம்பி தனக்கு நீளமாக ஒன்று நறுக்கிக்கொண்டிருக்கிறான். அளவுக்கட்டையை எடுத்து, படுத்திருந்த தம்பியின் கையை நீட்டச் சொல்லிப் பக்கத்தில் வைத்தார். தம்பி கை கட்டையைவிட ஒரு சாணுக்கு மேல் நீளமாக இருந்தது, அந்த நீளத்துக்கு இழுத்ததில்தான் வில் உடைந்திருக்கிறது. எய்யப் போகிறவன் கையை விட்டுவிட்டுத் தன் கைக்கு வில் செய்திருந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊருக்கெல்லாம் அளந்து அளந்து பெட்டி அடித்த மனுஷன், என் தம்பி கையை அளக்கவில்லையே என்று கத்தினேன். தம்பிதான் படுத்தபடியே, விடு அக்கா, நான் இங்கே இருந்தால்தானே அளக்க என்றான். அது உண்மைதான். ரோட்டு வேலைக்குப் பிடித்துக்கொண்டு போன ஆளின் கையை யார் அளக்க முடியும்? ஆனாலும் என் கோபத்துக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது, ஜப்பான்காரனைத் திட்ட முடியாது.

இரண்டாவது சட்டம் இருந்தது. மறுநாளே அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இந்தத் தடவை தம்பியின் கைதான் அளவு. நடுவே இன்னும் தடிப்பு விட்டார், வில்லின் முதுகுப் பக்கம் மரத்தின் வரி அறாமல் பார்த்துக்கொண்டார், உடையாமல் இருக்க வெளிப்பக்கத்தில் சணலைச் சுற்றி ஒட்டினார். முதல் வில்லைவிட அழகு குறைச்சல், பலம் அதிகம். கண் காயம் ஆறியதும் தம்பி போவான் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டோம். காயம் ஆறிற்று, கண் வரவில்லை. ஒரு நாள் கொட்டகைக்கு வந்து வில்லை எடுத்துத் தூரத்தில் இருந்த ஒரு கட்டையைக் குறி பார்த்தான். அம்பு கட்டைக்கும் வெகு தூரம் தள்ளிப் போய் விழுந்தது. இன்னொன்று விட்டான், அதுவும் அப்படியே. வில்லைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வெளியே போய் நின்றான். ஒற்றைக் கண்ணன் என்றாலும் மண் சுமக்கலாம் என்று ஜப்பான்காரர்கள் திரும்பவும் அவனை ரோட்டுக்கு இழுத்துக்கொண்டார்கள்.

வேறு யாரிடமாவது கொடுக்கலாம் என்றால், லயத்தில் யாரை நம்புவது? அடுத்த வீட்டில் கறி வெந்தால் கங்காணியிடம் சொல்லி ஒரு படி அரிசி வாங்குகிறவர்கள் இருந்தார்கள். அவர்களையும் குறை சொல்ல மாட்டேன். காட்டுக்குள்ளேயே வாழ்கிற ஆட்கள் ஊதுகுழலில் விஷ முள்ளை வைத்து ஊதி மிருகத்தை அடிப்பார்கள், கெட்டிக்காரர்கள். அவர்களும் பட்டாளத்துக்குப் பயந்து உள்ளே வெகு தூரம் போய்விட்டார்கள்.

அதற்குள் வீக்கம் முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. பிள்ளை அசைவது குறைந்துவிட்டது. முன்பு உதைக்கும், அப்புறம் புரளும், அப்புறம் யாரோ தூக்கத்தில் கையை மாற்றி வைப்பதுபோல எப்போதாவது ஓர் அசைவு. பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். எங்களுக்குப் பத்தும் பறந்துதான் போயிருந்தது. அவருக்குப் பதினோராவதாக ஒன்று இருந்தது, அது மட்டும் பறக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தது. ஒரு காலையில் வில்லை எடுத்து அவர் முன்னால் போட்டேன். நீங்களே போங்கள் என்றேன். அவர் என் வயிற்றைப் பார்த்தார். பாவம் பிடித்தால் என்னைப் பிடிக்கட்டும், நான்தான் அனுப்பினேன் என்று முனியாண்டியிடம் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். அவர் வாதாடவில்லை, சட்டையை மாட்டிக்கொண்டு போனார். இன்றைக்கு யாராவது கேட்டாலும் போ என்றுதான் சொல்வேன். அதில் எனக்கு வருத்தம் கிடையாது.

பனி விலகி வெயில் தெரிகிற நேரத்தில் திரும்பி வந்தார். கை வெறுங்கை. அம்புகள் எல்லாம் அப்படியே இருந்தன. மான் வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, நாளைக்குப் பார்க்கலாம் என்று நானே ஆறுதல் சொல்லப் போனேன். அவர் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாண் இழுத்த விரல்கள் சிவந்து போயிருந்தன.

"வந்துச்சு புள்ள. பக்கத்துலதான் வந்துச்சு. இழுத்துட்டேன். ரொம்ப நேரம் இழுத்துப் புடிச்சேன். அப்புறம் மெல்ல விட்டுட்டேன், அம்ப விடல, நாண விட்டுட்டேன்."

"வயித்துல இருக்கிறதுக்காகத்தானே போனீங்க?"

"அதுக்காகத்தான் விடல."

நான் அடிக்கப் போனேன். உண்மையாகவே கையை ஓங்கினேன். அவர் நகரவில்லை, அடிக்கட்டும் என்பதுபோல உட்கார்ந்திருந்தார். அடிப்பதற்கும் தெம்பு வேண்டும், எனக்கு அது இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் எதிரே தேயிலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது என்று என்னால் எடுத்துச் சொல்ல முடியவில்லை. பிள்ளைக்குக் கறி வேண்டும். கறி வேண்டுமானால் கொல்ல வேண்டும். கொன்றால் பிள்ளை போய்விடும் என்று அவர் நம்பினார். அந்த மனுஷன் எந்தப் பக்கம் திரும்பினாலும் பிள்ளையைத்தான் மிதிக்க வேண்டியிருந்தது. அவரை ஏசிய வாயால்தான் இதையும் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. காட்டோரத்தில் காளான் தேடினார், மூங்கில் குருத்து வெட்டினார், கோலா தெர்லா வரைக்கும் நடந்து போய்ச் சீனர் தோட்டத்தில் கழித்துப் போட்ட முட்டைக்கோஸ் இலை பொறுக்கி வந்தார். தம்பி ரோட்டில் கொடுக்கிற சோற்றில் ஒரு கை எடுத்துக் காயவைத்துத் துணியில் முடிந்து கொண்டுவந்து தருவான். எல்லாவற்றையும் நான்தான் தின்றேன். அவர் எலும்பும் தோலுமாகிக்கொண்டு வந்தார். வில் கொட்டகைச் சுவரில் சாய்ந்திருந்தது. மான் வழக்கம்போல வந்து கொடியை மேய்ந்துவிட்டுக் குரைத்துவிட்டுப் போனது.

எட்டாம் மாதத்திலேயே வலி கண்டது. லயத்து மருத்துவச்சி வந்தாள். ஆண் பிள்ளை. அழுதது, அழவில்லை என்று சொல்ல மாட்டேன், பூனைக்குட்டி மாதிரி இரண்டு முறை முனகியது. இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து ஏந்தினால் தலை ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் கொஞ்சம்தான் வெளியே வரும். மருத்துவச்சி அதன் வாயில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கச் சொன்னாள், சர்க்கரை இல்லை. வெறும் வெந்நீரைத் தொட்டு வைத்தோம். முலையில் வைத்துப் பார்த்தேன். எனக்குப் பால் இல்லை, அதற்குச் சப்பத் தெம்பும் இல்லை. அவர் கதவுக்கு வெளியே நின்று, இருக்கா, இருக்கா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இருக்கிறது என்று மருத்துவச்சி பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். பொழுது சாய்கிற நேரத்தில் அவர் கேட்டதற்கு அவள் பதில் சொல்லவில்லை.

தேயிலைப் பெட்டிப் பலகையில் ஒரு சின்னப் பெட்டி செய்தார். அவர் செய்த கடைசிப் பெட்டி அதுதான், அளவு சரியாக இருந்தது. ஓடைக்கு மேலே உள்ள நிரையில் தம்பியும் அவரும் போய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள். லயத்துப் பெண்கள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். யாரும் ஒப்பாரி வைக்கவில்லை, அந்த வருஷம் எங்கள் லயத்தில் சாவு அதிகம், எல்லாருக்கும் தொண்டை கட்டிப் போயிருந்தது.

மறுநாள் விடிகாலையில் கண் விழித்தபோது அவர் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். கையில் வில் இருந்தது. எங்கே என்று கேட்டேன்.

"இப்ப போலாம்ல" என்றார்.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்தபோது அவர் போய்விட்டிருந்தார். தீட்டு வீடு, நேற்றுத்தான் பிள்ளையைப் புதைத்தது, இன்றைக்கு எழுந்து வேட்டைக்குப் போகிறாரே என்று அடுத்த வீட்டுக்காரி வாசலில் நின்று யாரிடமோ சொல்வது கேட்டது. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

வெயில் ஏறுவதற்கு முன்பே வந்துவிட்டார். தோளில் மான் கிடந்தது. ஓர் அம்புதான் விட்டாராம், விலாவுக்குள் போய்விட்டதாம். அவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது. வாசலில் போட்டு அவரே தோலுரித்தார், அவரே வெட்டினார், அடுப்பு மூட்டி உப்பைப் போட்டு வேக வைத்தார். மறைக்கவில்லை, கதவைக்கூடச் சாத்தவில்லை. கறி வேகிற மணம் லயம் முழுவதும் போயிருக்கும். மாதக் கணக்கில் கறியைக் கண்ணால் பார்க்காத ஜனங்கள். ஆனால் ஒருவர்கூட ஒரு துண்டு கேட்டு வரவில்லை. கங்காணியிடமும் யாரும் சொல்லவில்லை.

தட்டில் போட்டு என் முன்னால் வைத்தார். நான் தட்டைத் தள்ளிவிட்டேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். தள்ளவில்லை. சாப்பிட்டேன். முதல் வாய் தொண்டையில் இறங்கியதும் உடம்பு பூராவும் கேட்டது. எலும்பைக் கடித்து உறிஞ்சினேன், இன்னும் போடுங்கள் என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். நல்ல ருசியாக இருந்தது. அவர் ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை, நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மிச்சக் கறியை மறுநாளும் அதற்கு மறுநாளும் சாப்பிட்டேன். மூன்றாம் நாள் சாயங்காலம் மார்பு கனத்துக் கல்லாகி, சேலை நனைந்துவிட்டது. பால் கட்டிக்கொள்ளும், பீய்ச்சிச் செடிக்கடியில் ஊற்று என்று மருத்துவச்சி சொன்னாள். என்னால் எழுந்து நிற்க முடியவில்லை. அவர் ஒரு சிரட்டையைக் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டார். அது நிறைந்ததும் வெளியே கொண்டுபோய் ஊற்றிவிட்டு, திரும்ப வந்து மறுபடியும் பிடித்தார்.